கதவுக்குள்ளே இன்னொரு கதவு

கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை நிறுத்தியதால் வந்த 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில், அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசனைக் குழு எல்லாவற்றையும் ஒளிவுமறைவு இல்லாமல் விவாதித்தது என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் பாராட்டுகிறார். பாதிதான் சரி. குண்டு வீசுவதா, கடல் முற்றுகையா என்று முதல் சில நாட்கள் உண்மையாகவே மோதிக்கொண்டார்கள். அக்டோபர் 19 அன்று விமானப்படைத் தளபதி லெமே, முற்றுகை என்பது கிட்டத்தட்ட 1938-இல் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் ஹிட்லரிடம் பணிந்துபோன மாதிரிதான் என்று அதிபரின் முகத்துக்கு நேராகவே சொன்னார். கென்னடி எழுந்துபோன பிறகும் ரகசிய ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. தளபதிகள் அவரைப் பற்றிப் பேசியதும் பதிவாகிவிட்டது (பாவம், அவர்களுக்குத் தெரியாது).

ஆனால் அக்டோபர் 27 மாலை? கியூபா ஏவுகணைகளுக்குப் பதிலாக, துருக்கியில் இருந்த அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகளை விலக்கிக்கொள்ளும் பேரத்தைப் பெரிய குழுவில் முடிக்கவே இல்லை. சிலரை மட்டும் தன் அறைக்கு அழைத்து முடித்தார் கென்னடி. துணை அதிபர் ஜான்சனுக்கே சொல்லவில்லை. அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி போய் சோவியத் தூதர் டோப்ரினினிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் மற்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? விறைப்பாக நின்றோம், எதிரி பின்வாங்கினான் என்றுதான். பின்னால் அதிபரானதும் வியட்நாம் போர் விஷயத்தில் ஜான்சன் அதே நினைப்போடு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குப் படுகிறது. கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.