லென்னி புரூஸ் ஜோக்கை இன்ஸ்பெக்டர் சொன்ன கதை

ஸ்டாண்ட் அப் காமெடி பத்தி எங்க சண்டை நடந்தாலும் யாராவது ஒருத்தர் அமெரிக்க காமெடியன் லென்னி புரூஸ் பேரை இழுத்துருவாங்க, உடனே கருத்துச் சுதந்திரத் தியாகின்னு ஒரு மாலையும் விழும். எனக்கு அந்த மாலை ஒட்டலை. அந்தாளு தியாகி ஆகவா மேடை ஏறினாரு, சிரிக்க வைக்க ஏறினாரு. ஆபாசமா பேசுறாருன்னு கேஸ் போட்டவங்க அவர்கிட்ட இருந்து முதல்ல பறிச்சது அதைத்தான்.

1961 பிப்ரவரி, நியூயார்க் கார்னகி ஹால்ல நடுராத்திரி ஷோ. வெளிய பனிப்புயல், ஊரே முடங்கிக் கெடக்கு, அப்பவும் கூட்டம் வந்திருக்கு. அந்த ரெக்கார்டிங் இருக்கு, கேட்டுப் பாருங்க. எங்கயோ ஆரம்பிச்சு எங்கெங்கயோ சுத்தி, ஜாஸ் வாசிக்கிறவன் மாதிரி திரும்ப அதே இடத்துல வந்து நிப்பாரு. (சில ஜோக் இன்னிக்கு சுத்தமா எடுபடாது, அதையும் சொல்லணும்ல.)

அதே வருஷம் அக்டோபர்ல சான் பிரான்சிஸ்கோ கிளப் ஒண்ணுல ஆபாசமா பேசினாருன்னு அரெஸ்ட். ஜூரி விடுதலை பண்ணிருச்சு, ஆனா போலீஸ் விடலை. 1962 டிசம்பர்ல சிகாகோல ஷோ நடக்கும்போதே தூக்கினாங்க, ஆடியன்ஸ்ல இருந்த இன்னொரு காமெடியன் ஜார்ஜ் கார்லின் ஐடி காட்ட முடியாதுன்னு சொல்ல, அவரையும் சேர்த்து ஏத்திட்டுப் போனாங்க. 1963ல பிரிட்டன் உள்ளயே விடலை.

அதே ஆபாசப் புகார்ல வந்த நியூயார்க் கேஸ்தான் கொடுமை. 1964ல கிரீன்விச் வில்லேஜ்ல கஃபே ஆ கோ கோன்னு ஒரு கிளப். லைசன்ஸ் டிபார்ட்மென்ட் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் ஷோவுல உக்காந்து குறிப்பு எடுத்திருக்காரு. பிறகு கோர்ட்ல அந்தக் குறிப்பை வச்சு லென்னி ஜோக்கை அவர் சொல்லிக் காட்டுறாரு! யோசிச்சுப் பாருங்க, எங்க நிறுத்தணும், எங்க குரலை இறக்கணும்னு தெரியாத ஒரு ஆபீசர், எதிர்ல மூணு ஜட்ஜு, பக்கத்துல ஜோக்குக்குச் சொந்தக்காரன் வாயை மூடிட்டு உக்காந்திருக்கான். அந்தாளோட டைமிங்குக்கு நான் தண்டனை வாங்கணுமான்னு லென்னி புலம்பினாரு. நானே செஞ்சு காட்டுறேன்னும் கேட்டாரு, நடக்கலை. அந்த நவம்பர்ல குற்றவாளின்னு தீர்ப்பு, டிசம்பர்ல நாலு மாச தண்டனை. அப்பீல்னு சொல்லி ஜாமீன்ல வெளிய வந்தாரு.

இதுக்கப்புறம்தான் எனக்கு மனசு கஷ்டமாகுற இடம். கிளப்காரங்க பயந்து கூப்பிடுறதை நிறுத்திட்டாங்க, கைல காசில்ல, 1965ல திவால். போதை வேற, அதுக்கு போலீஸ் மேல மட்டும் பழி போட முடியாது. கிடைச்ச மேடையிலயும் மனுஷன் ஜோக் சொல்லலை, கோர்ட் பேப்பரை எடுத்து வச்சு பக்கம் பக்கமா படிக்கிறாரு. சிரிக்க வந்தவன் என்ன பண்ணுவான்? அன்னிக்கு இன்ஸ்பெக்டர் பேப்பரைப் பார்த்துப் படிச்ச மாதிரி இப்ப இவரே படிக்கிறாரு, அதே மாதிரி ஒருத்தரும் சிரிக்கலை. 1966 ஆகஸ்ட் 3, மார்ஃபின் ஓவர்டோஸ். வயசு 40.

2003 டிசம்பர்ல நியூயார்க் கவர்னர் ஜார்ஜ் படாக்கி மன்னிப்பு குடுத்தாரு, அந்த மாநிலத்துல செத்தவருக்குக் குடுத்த முதல் மன்னிப்பு. எல்லாரும் இதைத்தான் ஷேர் பண்றாங்க. அதே கேஸ்ல மாட்டின கிளப் ஓனர் கதையை யாரும் சொல்றதில்ல. அவரு வக்கீலை வச்சு ஒழுங்கா அப்பீலை நடத்தினாரு, தண்டனை ரத்தாயிருச்சு. லென்னி வக்கீலை அனுப்பிட்டு, கேஸை நானே பேசிக்கிறேன்னு கெளம்பிட்டாரு.