சங்கச் சந்தா தானாகவே கட்சிக்குப் போகிறதா?

“தொழிற்சங்கச் சந்தாவில் ஒரு பங்கு சட்டப்படியே தேர்தல் செலவுக்குப் போகிறது, மறுத்தால் உறுப்பினர் உரிமை பறிபோகும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சந்தா போய்ச் சேரும் பொது நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று வரையறுத்தது. நிர்வாகம், வழக்கு, தொழில் தகராறு, உறுப்பினருக்கான உதவித்தொகை போன்றவை அதில் இருந்தன. தேர்தல் செலவு இல்லை. வேட்பாளரின் செலவு, அரசியல் கூட்டம், துண்டறிக்கை ஆகியவற்றுக்குச் சங்கம் பணம் தரலாம்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, அதற்கென்றே தனியாகத் திரட்டிய நிதியிலிருந்து மட்டும். அந்த நிதிக்குக் கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கொடுக்காதவருக்குச் சங்கத்தின் எந்தப் பலனையும் மறுக்கவும் கூடாது. அந்தத் தனி நிதியின் நிர்வாகத்தில் மட்டும் அவருக்கு இடமில்லாமல் போகலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும், தனி நிதிக்குக் கட்டாயம் கூடாது என்ற இதே ஏற்பாடு இருக்கிறது.

கூலியும் வேலை நேரமும் சட்டமன்றங்களில் முடிவாகும்போது சங்கங்கள் அரசியலிலிருந்து ஒதுங்கி நிற்க முடியாது. அதனால்தான் உறுப்பினரின் விருப்பத்தைக் காக்கும் இந்த விதி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

சட்ட வாசகம் மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ தளத்தில் இருக்கிறது. உங்கள் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.