இதுதான் பாரம்பரியமாம்!

மட்டக்களப்பில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா என்றாலே அறை வாடகை இரண்டு மடங்கு. சரி, போகட்டும். அந்தச் சுண்ணாம்புச் சுவருக்கு மேலே சீமெந்து பூசச் சொன்னது யார்? சுண்ணாம்பு மூச்சு விடும். குடித்த ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். சீமெந்து அதை உள்ளே அடைத்துவிடும். பிறகென்ன, மார்கழி மழைக்குக் கட்டில் தலைமாட்டிலேயே பெயின்ற் கொப்பளித்து, உப்புப் பூத்து, தலையணையில் கோதுமை மா மாதிரிக் கொட்டும். தட்டிவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

14 அடி உயரக் கூரை, சீலிங் கிடையாது, அதற்குச் சின்ன அறைக்குப் போடுகிற 9000 பீடியூ ஏசி! ஓட்டிடுக்கால் சூடு இறங்க இறங்க, அது இரவிரவாக உறுமும். வாவிக்காற்றுக்கென்றே மேலே வைத்த துவாரங்களைப் பலகையடித்து மூடியாச்சு. வைத்தவன் என்ன விசரனா? நுளம்பு வலையோ கட்டிலைவிட அரையடி கட்டை.