தாழ்ப்பாள் யார் கையில்?

போன மாதம் எங்கள் கல்லூரி வாட்ஸப் குழுவில் ஒருத்தி குண்டைத் தூக்கிப் போட்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருடம். "நானும் அவரும் பேசி முடிவு பண்ணிட்டோம். இனிமே எங்களோடது ஓப்பன் மேரேஜ்." அதாவது கல்யாணமும் இருக்கும், இருவரும் சம்மதித்து வெளியே வேறு உறவும் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் குழு இரண்டு கட்சியானது. "ஒருவனுக்கு ஒருத்திங்கிறது நம்ம பண்பாடு" என்று ஒரு கட்சி. "பொறாமைங்கிறது சொத்துப் புத்தி, அதை விட்டு வெளியே வாங்க" என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் ஒட்டவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பருப்பு வேகவைக்கப் போனேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று இன்றுவரை தெரியாது.

முதலில் பண்பாட்டுக் கட்சிக்கு. நான் உறையூர்க்காரி, நம்ம பண்பாடு கொஞ்சம் தெரியும். சங்கப் பாட்டில் மருதத் திணையை எடுத்துப் பாருங்கள். பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வாசலில் வந்து நிற்கிற தலைவன், உள்ளே விடமாட்டேன் என்கிற தலைவி, நடுவில் தூது வரும் பாணன். அந்தத் திணைக்கு உரிப்பொருளே ஊடல்தான். கோவலனை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டினவளை வீட்டில் விட்டுவிட்டு மாதவியோடு இருந்தவன், கடற்கரையில் அவள் பாடின பாட்டைக் கேட்டு 'யாரையோ மனசுல வச்சுப் பாடுறா' என்று கோபித்துக்கொண்டு எழுந்து போகிறான். எவ்வளவு உரிமையான பொறாமை பாருங்கள்!

நம்ம சென்னை மாகாணத்தில் இந்து ஆண் இரண்டாவது கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது 1949-இல். நாடு முழுக்க 1955-இல். அதற்கு முன்னால் ஒருத்திக்கு ஒருவன் என்பது மட்டும்தான் கறாராக இருந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பது, அவரவர் வசதியைப் பொறுத்தது.

சட்டம் வந்த பிறகு? எங்கள் தாத்தா 1958-இல் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு எடுத்து இன்னொருத்தரைக் குடிவைத்தார். சுருட்டுக் கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம். ஊர் அதற்கு வைத்திருந்த சொல், 'சேர்த்துக்கிட்டார்'. அந்தச் சொல்லில்தான் சூட்சுமம். இருதார வழக்கு நிற்க வேண்டுமென்றால் இரண்டாவது கல்யாணம் முறைப்படி சடங்கோடு நடந்ததை நிரூபிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1965-இலேயே சொல்லிவிட்டது. சடங்கில்லாமல் கூட்டிவந்து வைத்துக்கொண்டால் அது கல்யாணமும் இல்லை, குற்றமும் இல்லை. போதாததற்குப் புகார் மனைவி தரப்பிலிருந்து வரவேண்டும். எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியிருந்தால் அன்றைக்கு இரவு எந்த வீட்டுக்குத் திரும்பியிருப்பாள்?

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது அப்பாயி என்னைப் பங்குனி உத்திரத்துக்கு ஸ்ரீரங்கம் கூட்டிப்போனாள். தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். பங்குனி ஆயில்யத்தன்று ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் காவிரியைத் தாண்டி உறையூர் வந்து, எங்கள் ஊர்ப் பெண் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டுவிட்டு, அதாவது ஜோடியாக உட்கார்ந்து தரிசனம் கொடுத்துவிட்டுத் திரும்புவார். மூன்றே நாளில் உத்திரம். அன்றைக்கு ரங்கநாயகித் தாயார் சன்னிதிக்கு வந்தால், கதவு சாத்தியிருக்கும். மோதிரம் எங்கே என்பாள் தாயார். காணாமல் போய்விட்டது, தேடினேன் என்பார் இவர். பூவும் பழமும் வந்து விழும், மட்டையடி என்பார்கள். நான் வேண்டுமானால் கடலில் முழுகிச் சத்தியம் செய்கிறேன், பாம்புக் குடத்தில் கை விடுகிறேன் என்பார். கடலில் பாம்பு மேலேயே படுத்திருக்கிற ஆளுக்கு அதென்ன பெரிய சத்தியம் என்று பதில் வரும். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்து வைக்க வேண்டும்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். உறையூர்க்காரர்களுக்கு இதில் சம்பந்தி வீட்டுக் குறும்பு வேறு உண்டு. அப்பாயி சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில், என்னிடமா தனக்கா என்று தெரியாமல் சொன்னாள்: "அவ சாத்துவா. அவளுக்குன்னு தனிச் சன்னிதி இருக்கு. நான் எந்தக் கதவைச் சாத்த? வீடு உங்க தாத்தா பேருல."

எனக்குத் தெரிந்து இந்தப் பொருளில் யாரும் இதைவிடக் கச்சிதமாகப் பேசியதில்லை. படிதாண்டாப் பத்தினி என்று தாயாரைப் புகழ்கிறோம். படி தாண்டாததை மட்டும் பிடித்துக்கொண்டோம். அந்தப் படி அவளுடையது என்பதை விட்டுவிட்டோம்.

'பொறாமை என்றாலே சொத்துப் புத்தி' என்கிற கட்சிக்கும் இதைத்தான் சொல்ல வருகிறேன். சொத்துப் புத்தி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பழைய தண்டனைச் சட்டத்தின் 497-ஐப் பாருங்கள். இன்னொருவன் மனைவியோடு உறவு வைத்தவனுக்கு ஐந்து வருடம் வரை சிறை. ஆனால் கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை! தன் கணவன் மேல் மனைவி புகார் கொடுக்க வழியும் இல்லை. வயலில் அடுத்தவன் மாடு மேய்ந்தால் நிலக்காரன்தானே கேட்க வேண்டும், அந்தக் கணக்கு. 1985-இல் இந்தப் பிரிவு சரிதான் என்று தீர்ப்பெழுதியவர் ஒய்.வி. சந்திரசூட். 2018 செப்டம்பர் 27 அன்று அதைத் தூக்கிய ஐந்து நீதிபதிகளில் ஒருவர் அவர் மகன். (நம் வீடுகளில் அப்பா சொன்னதை மாற்ற மகனுக்கு இவ்வளவு சீக்கிரம் வாய்ப்பதில்லை.) விவாகரத்துக்கு அந்த மாதிரி உறவு இன்றைக்கும் காரணம்தான், ஜெயில் மட்டும் இல்லை. ஆனாலும் 'வேறு உறவில் வாழ்கிறாள்' என்று நிரூபித்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கிற வரி 2023-இல் எழுதின புதுச் சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இது சொத்துப் புத்தி. அப்பாயிக்கு இருந்தது இதுவா? அவளுக்குச் சொத்தே கிடையாதே.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருடத்துக்கு முன் இவருக்கு வேலை போனது. எனக்குத் தெரிந்தது பதினோரு நாள் கழித்து. ஆனால் அவருடன் படித்த தோழி ஒருத்திக்கு அன்றைக்கு மாலையே தெரியும். தினமும் ராத்திரி மொட்டை மாடியில் நடந்தபடி அவளிடம்தான் பேசியிருக்கிறார். வேறு எதுவும் இல்லை. அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். ஆனாலும் வயிற்றில் ஒரு எரிச்சல். "சந்தேகப்படுறியா?" என்றார். "இல்லை, பொறாமைப்படறேன்" என்றேன். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்குப் புரியவைக்க மூன்று ராத்திரி ஆனது. மூன்று ராத்திரியும் அவர் ஹாலில் படுத்தார். நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். ஃப்ளாட் இருவர் பேரிலும் இருக்கிறது, கடனும்தான்.

அந்த எரிச்சலை ஒரு வியாதி, தியானம் செய்து விரட்டு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். எனக்கு 'நல்ல மனைவி' பட்டம் எப்போதும் பிடிக்கும். கேட்டிருந்தால், அவர் என்னிடம் சொல்லப் பயந்த காரணம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். (காரணம் என் நாக்கு. அது தனிப் பதிவு.)

சரி, குண்டு போட்ட தோழிக்கு வருகிறேன். நேரில் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அவர் வற்புறுத்தி இவள் தலையாட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, ஆறுதல் சொல்லும் முகத்தோடு போனேன். யோசனையே இவளுடையதாம். என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம். வீடு இவள் பேரில். "நாளைக்கே வேண்டாம்னு தோணுச்சுன்னா வேண்டாம்னு சொல்லிடுவேன்டி" என்றாள். சொல்வாள்தான். என் வாதப்படியே இவளுக்குக் கதவு இருக்கிறது. நான் அழ அங்கே இடமில்லை. காபி குடித்துவிட்டு வந்தேன்.

எனக்கு அது வேண்டாம். ஒருத்தரோடு ஒருத்தர் என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைப் பண்பாடு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒரு ஆளிடம் என் முழு எரிச்சலையும் காட்டி அவர் எரிச்சலையும் தாங்குவதற்கே என் பொழுது சரியாக இருக்கிறது. அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், உனக்குப் பொறாமையே வராதா என்று. "வருது. வந்தா சொல்லக்கூடாதுன்னு வச்சிருக்கோம்" என்றாள். அந்த ஒரு விதி மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவளிடமும் சொன்னேன். கோபித்துக்கொண்டாள், இன்னும் பேசவில்லை.

அப்பா 1991-இல் உறையூரிலேயே புது வீடு கட்டினார். அப்பாயிக்கென்று ஓர் அறை. ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டதற்கு எங்கேயாவது வை என்றாள். தாழ்ப்பாள் மட்டும் உள்பக்கம் பெரிதாக வேண்டும் என்று ஆசாரியிடம் தானே நின்று சொன்னாள். பித்தளைத் தாழ்ப்பாள். தாத்தாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது, மலைக்கோட்டை வீடெல்லாம் முடிந்துபோன கதை. அதற்குப் பிறகு வெற்றிலைப் பெட்டி எடுக்கப் போவதென்றாலும் தட்டிவிட்டு, வெளியே நிற்பார்.