எடையை மட்டும் பார்க்காதீர்கள்

குறைமாதக் குழந்தை 1800 கிராம் தொட்டதும் வாய்வழிப் பால் தொடங்கலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கும் எனக்கு இதை ஏற்க முடியவில்லை. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒன்றோடொன்று இடிக்காமல் நடக்க வேண்டும். பெரும்பாலும் கர்ப்பகாலக் கணக்கில் 32 முதல் 34 வாரத்தில்தான் அது கூடிவரும். நுரையீரல் சிரமம் இருந்த பிள்ளைகளுக்கு இன்னும் தள்ளிப்போகும்.

பால் நேரத்துக்குத் தானே கண் விழிக்கிறதா, கையை வாய்க்குக் கொண்டுபோகிறதா, கன்னத்தைத் தொட்டால் தலையைத் திருப்பி வாய் திறக்கிறதா என்று பாருங்கள். ஊட்டும்போது உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விரல்களை விரித்துக்கொண்டு துவண்டாலோ உடனே நிறுத்த வேண்டும். மிச்சப் பால், மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் டியூபிலேயே போகட்டும். ‘இன்னும் 5 மில்லிதானே’ என்று பாலாடையில் ஊற்றுவதுதான் எனக்குப் பயம், புரையேறிவிடும்.

தாய்மார்களே, டியூபில் பால் போகும் நேரத்தில் பிள்ளையைக் கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்து, பாலைப் பீய்ச்சி எடுத்த மார்பில் சும்மா சப்ப விடுங்கள் (மருத்துவரிடம் கேட்டுவிட்டு). வயிறு நிறையும்போதே சப்பும் பழக்கமும் வரும். டிஸ்சார்ஜ் தள்ளிப்போகிறதே என்று வீட்டுப் பெரியவர்கள் அவசரப்படுத்தினால் வார்டு சிஸ்டரிடம் அழைத்து வாருங்கள், அவர்களுக்கு விளக்கிச் சொல்வதும் எங்கள் வேலைதான்.