ஜாக்கி காதைத் தூக்குகிறதா?

சென்ற வாரம் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் எங்கள் பழைய தோட்டத்து அக்கா ஒருவர் என்னை நிறுத்தினார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அறையை விட்டு வெளியே வராமல் கிடக்கும் தம் மகளுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார். என் தாய்மாமாவையும் அவருடைய நாய் ஜாக்கியையும் தெரிந்தவர் என்பதால்தான் என்னிடம் கேட்டார். மீன் வெட்டும் சத்தத்துக்கு நடுவே ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். மாமாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "என் பேரைப் போடாதே, ஜாக்கி பேரைப் போடு" என்றார்.

மாமாவுக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் 23 வயதில், யாரோ தன்னைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பி வந்தார். செய்வினை என்றார்கள், முனியாண்டி கோயிலில் கயிறு கட்டினார்கள், இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின. அதன் பிறகுதான் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அழைத்துப் போனோம். 1911-இல் தொடங்கிய அங்குள்ள மனநல மருத்துவமனைக்கு இன்று 'பகாகியா', அதாவது மகிழ்ச்சி என்று பெயர். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரே இன்னும் ஒரு வசவாகத்தான் வழங்குகிறது. மாதம் ஒரு முறை போடும் ஊசி குரல்களைப் பெரும்பாலும் அடக்கியது. அடங்காதது வேறொன்று: குளிக்கத் தோன்றாது, பேசத் தோன்றாது, விடிந்தாலும் எழுந்திருக்கக் காரணம் இருக்காது. இந்நோயில் மருந்து குரல்களை அடக்குகிற அளவுக்கு இந்த வெறுமையை அகற்றுவதில்லை. வீட்டில் உள்ளவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணிக்கொள்கிறோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் எண்ணினேன்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த பிறகு, 2013-இல், ஒரு மழை நாளில் வீட்டு முன் கால்வாயில் ஒரு நாய்க்குட்டி கத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்து வந்தவர் மாமாதான். அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்றார். "உன்னைப் பார்க்கவே ஆள் இல்லை, இதை யார் பார்ப்பது?" என்று அவர் கேட்ட கேள்விக்கு மாமா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு அடுப்படியில் நின்று, சோற்றில் நெத்திலித் தலைகளைப் பிசைந்து, வாயால் ஊதி ஊதி ஆற வைத்துக்கொண்டிருந்தார். அவர் அந்த நேரத்தில் எழுந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

அன்பு, தோழமை என்று நாய்களைப் பற்றி உருக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மாமாவிடம் வேலை செய்தது அது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் பிறர் கையால் மட்டுமே பராமரிக்கப்பட்டவர். மருந்தை நாங்கள் எடுத்துக் கொடுத்தோம், துணியை நாங்கள் துவைத்தோம், கத்தியைக் கண்ணில் படாமல் வைத்தோம், கடைக்குப் போனால்கூட யாராவது ஒருவர் பின்னாலேயே போனோம். முதன்முறையாக ஓர் உயிர் அவரிடம் சோறு கேட்டது. மாலையில் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து, ஜாக்கியின் காது மடிப்பில் ஒட்டியிருக்கும் உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய மைலோ டின்னுக்குள் போடுவார். மருந்தின் பக்கவிளைவால் எப்போதும் லேசாக நடுங்கும் அவருடைய விரல்கள் அந்த வேலையில் ஒருமுறையும் தவறியதில்லை.

1950-களின் இறுதியிலும் 60-களிலும் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். ஓயாமல் குறை சொல்லும் வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று கண்டார். இந்த ஆய்வுவழியில் பின்னர் குறைகூறலோடு அளவுக்கு மீறிய கவனிப்பும் சேர்த்துச் சொல்லப்பட்டது என்பதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் இரண்டும் தாராளமாகவே இருந்தன. ஜாக்கியிடம் இரண்டும் இல்லை. 2016-இல் வெளிவந்த ஓர் இங்கிலாந்து ஆய்வில், நீண்டகால மனநோய் உள்ள 54 பேரிடம் தங்களுக்கு உறுதுணையாக இருப்பவற்றை, மிக முக்கியமானவை நடுவில் வரும்படி, வட்டங்களில் வைத்துக் காட்டச் சொன்னார்கள். வளர்ப்பு விலங்கு வைத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதை நடு வட்டத்திலேயே வைத்தார்கள். எங்கள் மாமாவைக் கேட்டிருந்தால் நாங்கள் எந்த வட்டத்தில் இருந்திருப்போமோ!

2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது தாமானில் எல்லாருக்கும் நாய் என்றாலே பயம். நான் ஊரில் இல்லாத ஒரு நாளில் மாமா தானாகவே ஜாக்கியைக் கால்நடை அலுவலகத்துக்கு நடத்திக் கொண்டுபோய், வரிசையில் நின்று தடுப்பூசி போட்டு வந்தார். நகராண்மைக் கழகத்தில் நாய் லைசென்ஸ் எடுக்கும்போது என் பெயரில் எடுக்கலாம் என்றோம். தன் பெயரில்தான் வேண்டும் என்று நின்றார். கிளினிக் அட்டைக்கு அடுத்து வீட்டில் அவர் பெயருக்கு வந்த இரண்டாவது காகிதம் அது. குதிரைக் காலண்டரில் தன் ஊசித் தேதியைச் சிவப்பிலும் ஜாக்கியின் உண்ணி மருந்துத் தேதியை நீலத்திலும் அவரே வட்டமிட்டு வைப்பார். தெருவில் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்கள்கூட "ஜாக்கி சாப்பிட்டதா?" என்று நின்று கேட்கத் தொடங்கினார்கள். நாயைத் தொடுவதைத் தவிர்க்கும் மலாய்க்கார அண்டை வீட்டாருக்குச் சங்கடம் வரக்கூடாதென்று அவர்கள் வாசலைத் தவிர்த்து, செம்பனை ஓரத்து மண் சாலையிலேயே நடத்திச் செல்வார். அந்த யோசனையும் அவருடையதுதான்.

ஒருநாள் அவரே சொன்னது இது. குரல்கள் மருந்தால் முழுவதும் போகவில்லை, இருட்டியபின் சில நேரம் வரும். முன்பெல்லாம் கதவைத் திறந்து தேடுவாராம். இப்போது முதலில் ஜாக்கியைப் பார்ப்பாராம். "வெளியே ஆள் இருந்தா அது காதைத் தூக்கும். தூக்கலேன்னா சத்தம் எனக்குள்ளதான். படுத்துடுவேன்." இவ்வளவு தெளிவாக எந்த மருத்துவரும் எனக்கு அந்த நோயை விளக்கியதில்லை.

இங்கே நிறுத்தினால் அந்த அக்கா நாளைக்கே குட்டி வாங்கிவிடுவார். ஆகவே மற்றதையும் சொல்ல வேண்டும். ஜாக்கி வந்த நான்காம் ஆண்டில், மாமா நன்றாகத்தானே இருக்கிறார், இனி எதற்கு ஊசி என்று ஓர் உறவினர் ஓத, நாங்களும் தலையாட்ட, மூன்று மாதம் ஊசி நின்றது. அவர் மறுபடியும் மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்தார். ஜாக்கி வாசலில் படுத்துக்கொண்டு பாதிச் சோற்றை மிச்சம் வைத்தது. நாயால் ஊசியின் வேலையைச் செய்ய முடியவில்லை.

அக்கா, உங்கள் மகளுக்கு இருப்பது மனச்சோர்வாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். முதலில் அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்த பெரியவர்களின் மனச்சோர்வு 2023-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் 4.6 விழுக்காடு, ஏறக்குறைய பத்து லட்சம் பேர். அங்கே உங்கள் மகளை யாரும் வினோதமாகப் பார்க்கப் போவதில்லை. நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுக் கணக்கு. அவள் எழ முடியாத நாளில் யார் சோறு வைப்பது என்று முடிவு செய்யாமல் வாங்கினால், அந்தக் குட்டியே அவளுக்கு இன்னொரு குற்ற உணர்ச்சியாகிவிடும். மேலும் நீங்கள் இருப்பது அடுக்குமாடி வீடு. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வாசலுக்கு ஒரு நாய் இருந்த காலம் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு மாலை ஆறு மணிக்கு அனுப்புங்கள். ஒரு மாதம் ஜாக்கிக்கு அவள் சோறு வைத்துப் பார்க்கட்டும். வராத நாளில் ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்க மாட்டோம்.

மாமாவுக்கு உதவி தேவைப்படுகிறது என்பதும் ஒரு காரணம். ஜாக்கிக்கு இப்போது பன்னிரண்டு வயதுக்கு மேல். கண் மங்கி, சோற்றைக் குழைத்து வைக்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாளாகக் காதும் கேட்பதில்லை. தலைமாட்டில் தட்டு விழுந்தாலும் அசையாமல் தூங்குகிறது. முந்தாநாள் இரவு பத்து மணி இருக்கும், மாமா என் அறைக் கதவைத் தட்டினார்.

"மாப்பிள்ளை, வாசல்ல யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்லை மாமா."

"சரி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.