ஊகம் பலவீனமா, பலமா?
மூளை கண்ணில் படுவதை அப்படியே படம் பிடிப்பதில்லை, முன்கூட்டியே ஊகித்துக்கொண்டுதான் பார்க்கிறது என்று உங்கள் கட்டுரை நன்றாக விளக்கியிருக்கிறது. ஆனால் மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரினியாவில்) அந்த ஊகம் பலவீனமாகிவிடுகிறது என்று ஒரே வரியில் முடித்ததுதான் இடிக்கிறது.

குழி முகமூடிச் சோதனையில் அது சரி. முகமூடியின் உட்பக்கத்தைக் காட்டினாலும் நமக்கு மூக்கு வெளியே துருத்திக்கொண்டுதான் தெரியும். குழி என்று தெரிந்தே பார்த்தாலும் அப்படித்தான். முகம் என்றால் புடைத்துத்தான் இருக்கும் என்ற பழக்கம் கண்ணை மீறிவிடுகிறது. மனச்சிதைவு உள்ளவர்கள் இதில் நம்மைவிடக் குறைவாகவே ஏமாறுகிறார்கள். (நோயாளி சரியாகப் பார்த்து, மற்றவர்கள் கோட்டைவிடும் அபூர்வமான சோதனை!)

அப்புறம், 2015இல் டோய்ஃபல் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வை எங்கே வைப்பது? ஒரு படத்தை வெறும் கறுப்பு வெள்ளைத் திட்டுகளாக மாற்றிக் காட்டினால் ஒன்றும் புரியாது. அசல் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், அதே திட்டுகளுக்குள் ஆள் தெரிவார். உளப்பிணியின் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை; மனச்சிதைவிலும் வருவது) ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்த முன்னறிவு மற்றவர்களைவிட அதிகமாகவே கைகொடுத்தது. இங்கே ஊகம் பலமாக அல்லவா இருக்கிறது?

கண், காது தரும் தகவலை மூளை முதலில் கையாளும் கீழ்மட்டத்தில் ஊகம் தளர்ந்து, அதை ஈடுகட்ட உலகத்தைப் பற்றிய மேல்மட்ட நம்பிக்கைகள் இறுகுகின்றன என்று சிலர் இரண்டையும் இணைக்கிறார்கள். கவர்ச்சியான விளக்கம்தான். ஆனால் எந்த முடிவு வந்தாலும் பொருந்திவிடும் விளக்கத்தைப் பொய்ப்பிப்பது எப்படி? அடுத்த பகுதியில் இதைக் கொஞ்சம் தொடுங்கள். நோயாளிகள் எடுத்துக்கொள்ளும் மருந்துகள் இந்தச் சோதனை முடிவுகளைப் பாதிக்குமா என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.